பிரிக்ஃபீல்ட்ஸ் வேர்ச்சொல் வகுப்பு: என் மகளை 8 வாரம் அனுப்பினதுல கண்டது

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல சனிக்கிழமை காலைல நடக்குற, அறிவியல் வார்த்தைங்களை வேரு வேரா ஒடைச்சு அர்த்தம் சொல்லித் தர்ற வேர்ச்சொல் வகுப்பு எப்படின்னு பெற்றோர் குரூப்புல நெறைய பேர் கேட்டுட்டு இருக்கீங்க, தனித்தனியா பதில் போடுறதுக்கு ஒரே இடத்துல எழுதிடறேன், கொஞ்சம் நீளமா போகும். என் மக 8 வாரமும் விடாம போயி முடிச்சிட்டா, கடைசி ரெண்டு வாரம் நானும் பின் பெஞ்சுல உக்காந்து கேட்டேன், பெத்தவங்க வந்து உக்காரலாம்னு சார் முதல் நாளே சொல்லியிருந்தாரு. தன் பேரைப் போட்டு எங்கயும் எழுத வேணாம்னு கேட்டுக்கிட்டாரு, அதனால பேர் போடல, வேணும்னா என்னைத் தனியா கேளுங்க.

முதல்ல எல்லாரும் கேக்குற விசயம். கட்டணம் 8 வாரத்துக்கு 220 வெள்ளி, நோட்ஸுக்குத் தனியா 15 வெள்ளி. காலைல 9.30லேருந்து 11.30 வரைக்கும். எடம் துன் சம்பந்தன் ரோட்டுலேருந்து உள்ள பிரியுற ஒரு சின்ன ரோட்டுல, கீழ பூமாலைக் கடை, மேல ரெண்டாவது மாடி, லிஃப்ட் கெடையாது. காடி எடுத்துட்டு வந்தா பார்க்கிங் தேடியே அரை மணி நேரம் போயிடும், நாங்க மூணாவது வாரத்துலேருந்து ரயில் எடுத்து கே.எல். சென்ட்ரல்ல எறங்கி நடந்தே போயிட்டோம், அது எவ்வளவோ மேல். 14 பிள்ளைங்க இருந்தாங்க, பாதிப்பேரு இடைநிலைப்பள்ளில படிவம் 4, மத்தவங்க படிவம் 3, அப்புறம் ரெண்டு பொண்ணுங்க நர்சிங் படிக்கிறவங்க.

இது டியூஷன் இல்ல, அதை முதல்லயே தெளிவா சொல்லிடறேன். எஸ்.பி.எம்., அதாவது படிவம் 5 முடிவுல எழுதுற அரசாங்கத் தேர்வு, அதோட கேள்வித்தாள் செஞ்சு பாக்குறது, டிப்ஸ் குடுக்குறது எதுவும் இங்க நடக்காது. அறிவியல்ல வர்ற பெரிய பெரிய வார்த்தைங்க இருக்கு பாருங்க, அதுங்களை கிரேக்க வேரு, லத்தீன் வேருன்னு ஒடைச்சு அர்த்தம் கண்டுபிடிக்கச் சொல்லிக் குடுக்குறாரு, அவ்வளவுதான். சார் இடைநிலைப்பள்ளில உயிரியல் எடுத்து ஓய்வு பெற்றவரு.

நாங்க ஏன் போனோம்னா, என் மக ஆறு வருசமும் தமிழ்ப்பள்ளில அறிவியலைத் தமிழ்லதான் படிச்சா, நல்லாவே படிச்சா. இடைநிலைப்பள்ளி போனதும் எல்லாம் மலாய், வாங்குற ரெஃபரன்ஸ் புத்தகம் பாதி ஆங்கிலம். படிவம் 3 வரைக்கும் எப்படியோ ஓட்டிட்டா. படிவம் 4 உயிரியல்ல செல்லுக்குள்ள தண்ணி போறது வர்றதுன்னு ஒரு பாடம் வரும், அதுல ஹிப்போதோனிக், ஹிப்பர்தோனிக், ஐசோதோனிக், ஹெமோலிசிஸ், கிரெனாசி, பிளாஸ்மோலிசிஸ்னு வரிசையா வந்து நிக்கும். இவ எல்லாத்தையும் ராத்திரி முழுக்க மனப்பாடம் பண்ணிட்டுப் போயி பரீட்சைல ஹிப்போவையும் ஹிப்பரையும் மாத்தி எழுதிட்டு வந்துட்டா, அந்த ஒரு எழுத்து மாறினதுல முழு கேள்வியும் தலைகீழா போச்சு. பாடம் புரியாம இல்லைங்க, உப்புத் தண்ணில போட்டா செல் சுருங்கும்னு அவளுக்கு நல்லா தெரியும், எந்தப் பேரு எதுக்குன்னுதான் ஒட்டவே இல்ல.

முதல் வகுப்புல சார் எடுத்ததே அந்தப் பாடம்தான். ஹைப்பர்னா கிரேக்கத்துல மேல, அதிகம். ஹைப்போன்னா கீழ, கொறைவு. ஐசோன்னா சமம். டோனோஸ்னா இழுவை, விறைப்பு. ஹைமான்னா ரத்தம், லைசிஸ்னா அவுந்து போறது, ஒடையுறது. இதை மட்டும் போர்டுல எழுதிட்டு, இப்ப ரத்தச் செவ்வணுவ வெறும் தண்ணில போட்டா என்ன ஆகும், அதுக்கு என்ன பேரு வைப்பீங்கன்னு பிள்ளைங்களையே கேட்டாராம். தண்ணி உள்ள ஏறி வெடிக்கும், ரத்தம் ஒடையுது, அப்ப ஹெமோலிசிஸ்னு ஒரு பையன் சொல்லியிருக்கான். கிரெனாசி மட்டும் லத்தீன், கிரேனான்னா வெட்டுவாய், ஓரத்துல கடிச்சு கடிச்சு வெட்டுன மாதிரி இருக்கறது. உப்புத்தண்ணில சுருங்கின செவ்வணுவோட ஓரம் மைக்ரோஸ்கோப்புல அப்படித்தான் தெரியும். வீட்டுக்கு வந்ததும் என் மக, நான் மாங்காய்க்கு உப்பு போட்டு வச்சிருந்த ஜாடியத் தொறந்து பாத்து, அம்மா இதுதான் ஹிப்பர்தோனிக், வெளிய உப்பு அதிகம், அதான் மாங்காயோட தண்ணியெல்லாம் வெளிய வந்து நிக்குதுன்னு சொன்னா. அன்னைக்குத்தான் 220 வெள்ளி வீண் போகலன்னு எனக்குத் தோணுச்சு.

மலாய்ல படிக்கிற பிள்ளைங்களுக்கு இன்னொரு உதவி இருக்கு, இதை யாரும் பள்ளில ஒக்காந்து சொல்லித் தர்றதில்ல. மலாய் அறிவியல் வார்த்தைல பாதி அதே கிரேக்க லத்தீன் வார்த்தைதான், எழுத்துக்கூட்டல் மட்டும் வேற. ஆங்கிலத்துல பி-யும் எச்-சும் சேந்து வர்ற எடத்துல மலாய்ல எஃப் வரும், வொய் வர்ற எடத்துல ஐ வரும், மெதுவான சி எஸ் ஆயிடும், குளோரோஃபில்ல வர்ற மாதிரி சி-எச் இருந்தா கே ஆயிடும். அவ்வளவுதான் ரகசியம். சைட்டோபிளாசம் மலாய்ல சித்தோபிளாஸ்மா, ஃபாகோசைட்டோசிஸ் மலாய்ல ஃபாகோசித்தோசிஸ். ஃபாகோன்னா தின்னுறது, கைட்டோஸ்னா குடுவை, உயிரியல்ல அதை செல்லுக்கு எடுத்துக்கிட்டாங்க, ஓசிஸ்னா நடக்குற ஒரு செயல். செல் ஒண்ணு வெளில இருந்து வர்ற கிருமியத் தின்னுற செயல். இதைத் தெரிஞ்சிட்டா ரெண்டு மொழில ரெண்டு தடவ மனப்பாடம் பண்ண வேண்டிய வேலை இல்ல.

ஆனா நான் இவ்வளவு நீளமா எழுத ஒக்காந்ததுக்குக் காரணம் இது எதுவும் இல்ல. நாலாவது வாரம் விலங்குங்க. சார் போர்டுல நாலு கட்டம் போட்டு எழுதுவாரு, ஆங்கிலம், மலாய், வேரு, தமிழ். அந்த நாலாவது கட்டத்துலதான் என் மக மொகம் மாறிப் போச்சுன்னு சொல்லணும். ஆர்த்ரோபாட், ஆர்த்ரான்னா மூட்டு, கணு, பாட்னா கால். தமிழ்ல கணுக்காலி. செஃபலோபாட், தல, கால். தமிழ்ல தலைக்காலி, நம்ம பசார்ல வாங்குற சோத்தோங், கணவாய், அதுதான், தலைலேருந்தே கால் மொளச்சிருக்கும் பாருங்க. நத்தை கேஸ்ட்ரோபாட், வயிறு, கால், தமிழ்ல வயிற்றுக்காலி. நட்சத்திர மீன் எகினோடெர்ம், முள்ளு, தோலு, தமிழ்ல முட்தோலி. தவளை ஆம்ஃபிபியன், ரெண்டு பக்கமும், வாழ்க்கை, தமிழ்ல இருவாழ்வி. இதெல்லாம் அவ தமிழ்ல கேட்டுப் பழகின வார்த்தைங்க, சிலது நான் சின்ன வயசுல என் பாடப்புத்தகத்துல படிச்சது. அதே அர்த்தம், அதே வரிசை, அப்படியே துண்டு துண்டா பொருந்துது.

ஒளிச்சேர்க்கை எடுத்துக்கோங்க. ஃபோட்டோ ஒளி, சிந்தெசிஸ் சேத்து வைக்கிறது. வெப்பமானி, தெர்மோமீட்டர். நுண்ணோக்கி, மைக்ரோஸ்கோப். ஒருவித்திலைத் தாவரம்னு சொல்லுவோம்ல, மோனோகோட்டிலெடன், மோனோ ஒண்ணு, கோட்டிலெடன் வித்திலை. நம்ம ஆளுங்க கலைச்சொல் உருவாக்கறப்ப கிரேக்க வேரைப் பாத்து, அதுக்கு நேரா தமிழ் வேரைப் போட்டு எவ்வளவு கவனமா செஞ்சிருக்காங்க. தமிழ்ப்பள்ளில படிச்சது இடைநிலைப்பள்ளில ஒண்ணுக்கும் ஆகாதுன்னு என்கிட்ட நேராவே சொன்ன சொந்தக்காரங்க இருக்காங்க, நானும் உள்ளுக்குள்ள கொஞ்சம் பயந்துட்டுதான் இருந்தேன். என் மக மூணு வருசமா புதுசுன்னு நெனச்சு பயந்துட்டு இருந்த வார்த்தைங்களுக்கு அர்த்தம் அவ கிட்டயே இருந்திருக்கு, யாரும் அந்தப் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் சேத்துக் காட்டல. மத்த பிள்ளைங்க கிரேக்க வேரைப் புதுசா மனப்பாடம் பண்றாங்க, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு அது ஏற்கனவே தெரிஞ்ச வார்த்தையோட இன்னொரு சட்டைதான்.

இதுல எனக்கு ஒரு பெரிய மனக்குறை, அதை சார் கிட்டயே நேரா சொல்லிட்டேன். அச்சடிச்ச நோட்ஸ்ல அந்தத் தமிழ்க் கட்டம் இல்ல! மூணு கட்டம்தான் இருக்கு. வகுப்போட உயிரே அந்த நாலாவது கட்டம், அதைப் போர்டுல எழுதி அழிச்சிட்டுப் போயிடறாரு. மத்த இனத்துப் பிள்ளைங்களும் சில சமயம் வருவாங்க, அதான் பொதுவா அச்சடிச்சேன்னு சொன்னாரு, காரணம் சரிதான், ஆனா 14 பேருல 14 பேரும் தமிழ்ப் பிள்ளைங்க இருக்கற ஒரு வகுப்புக்கு ஒரு தாள் தனியா அடிச்சிருக்கலாம். என் மக ஒரு பெரிய எக்ஸர்சைஸ் புக் வாங்கி நாலு கோடு போட்டு அவளே எழுதிக்கிட்டா, வாரா வாரம் சனிக்கிழமை சாயந்திரம் அதுதான் வேலை, நானும் கூட ஒக்காருவேன்.

நடுவுல எங்க வீட்டுல ஒண்ணு நடந்துச்சு, அதையும் சொல்லணும். ஆறாவது வாரம் வீட்டுக்காரருக்கு டெங்கி. மூணு நாள் காய்ச்சல், அப்புறம் ஆஸ்பத்திரில சேத்துட்டாங்க, பிளேட்லெட் 42,000க்கு எறங்கிடுச்சு, சாதாரணமா 150,000க்கு மேல இருக்கணும். வீட்டுக்கு அனுப்புறப்ப குடுத்த தாள்ல த்ராம்போசைட்டோபீனியா, லூக்கோபீனியா, ஹெப்பட்டோமெகாலின்னு எழுதியிருந்துச்சு. நான் பாத்ததும் கை காலெல்லாம் ஆடிப்போச்சு, ஏதோ புது வியாதி மூணு வந்துடுச்சுன்னு நெனச்சேன். என் மக தாளை வாங்கி மெதுவா ஒடச்சா. த்ராம்போன்னா உறைஞ்ச கட்டி, சைட்டோ செல், ரத்தம் உறைய வைக்கிற செல், அதான் பிளேட்லெட், பீனியான்னா கிரேக்கத்துல வறுமை, இல்லாமை. பிளேட்லெட் கொறைஞ்சிருக்கு. லூக்கோன்னா வெள்ளை, வெள்ளணு கொறைஞ்சிருக்கு. ஹெப்பார் கல்லீரல், மெகா பெருசு, கல்லீரல் கொஞ்சம் வீங்கியிருக்கு. அம்மா இதெல்லாம் டாக்டர் வாயால ஏற்கனவே நம்மகிட்ட சொன்னதுதான்னு சொன்னா. மறுவாரம் கிளினிக்குல கேட்டு உறுதி பண்ணிக்கிட்டோம், அவ சொன்னது மூணும் சரி. கொசு பேரையும் விடல, ஏடிஸ்ங்கற வார்த்தைக்கு கிரேக்கத்துல இனிமையில்லாதது, வெறுப்பு தர்றதுன்னு அர்த்தமாம். எங்க ஃபிளாட் கீழ அந்தப் பேரோட ஒட்டியிருக்கற நோட்டீஸ எத்தன வருசமா பாத்துட்டுப் போறேன்.

அவ மெகாலிய ஒரு தடவ கத்துக்கிட்டா, பொறகு மாமியாரோட பழைய எக்ஸ்ரே ரிப்போர்ட்ல கார்டியோமெகாலின்னு இருந்ததையும் தானே படிச்சிட்டா, இதயம் பெருசாகியிருக்கு. இனிப்பு நீருக்கும் அப்படித்தான், டயபட்டிஸ் மெலிட்டஸ்ல மெலிட்டஸ்னா தேன் மாதிரி இனிப்பு, மலாய்க்காரங்களும் கெஞ்சிங் மானிஸ்னு சொல்றாங்க, நாமளும் இனிப்பு நீருன்னு சொல்றோம், மூணு பேரும் ஒரே விசயத்தத்தான் கவனிச்சிருக்காங்க.

ஆனா இங்க ஒரு எச்சரிக்கை போட்டாகணும், ஏன்னா இதுல ரொம்ப நம்பிக்கை வச்சா ஆபத்து. லூக்கோபீனியாவ ஒடைச்ச அதே முறைல லூக்கீமியாவ ஒடைச்சா வெள்ளை ரத்தம்னுதான் வரும், 1840கள்ல விர்ச்சோங்கற ஜெர்மன் மருத்துவர் வச்ச பேரு, நோயாளியோட ரத்தத்துல வெள்ளணு ஏகப்பட்டது இருந்ததைப் பாத்து வச்சது. அது புற்றுநோய்னு அந்த வேருல எங்கயுமே இல்ல. தமிழ்ல ரத்தப் புற்றுநோய்னு நேரா சொல்லிடறோம், இங்க நம்ம வார்த்தைதான் கூடுதலா சொல்லுது. வேரு ஒரு நல்ல யூகம் குடுக்கும், யூகத்தோட நின்னுடக் கூடாது, புத்தகத்தத் தொறந்து சரிபாக்கணும், மருந்து விசயம்னா டாக்டர்கிட்ட கேக்கணும். சாரும் இதைச் சொல்றாரு, ஆனா எட்டாவது வாரம்தான் சொன்னாரு, ரெண்டாவது வாரமே சொல்லியிருக்கணும்னு எனக்குப் படுது.

அந்த எட்டாவது வாரம் நானும் இருந்தேன், நல்ல வகுப்பு அது. ஆக்சிஜன்னா கிரேக்கத்துல அமிலம் உண்டாக்குறது. லவோய்சியேங்கற பிரெஞ்சு விஞ்ஞானி 1770கள் கடைசில அந்தப் பேர வச்சப்ப எல்லா அமிலத்துலயும் இந்த வாயு இருக்குன்னு நம்பினாரு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல ஹைட்ரஜனும் குளோரினும்தான், ஆக்சிஜன் ஒரு துளி கெடையாது, குளோரின் தனி மூலகம்னு டேவி 1810ல சொன்னதுக்கு அப்புறம் அந்த நம்பிக்கை ஒடஞ்சு போச்சு, பேரு மட்டும் அப்படியே தங்கிடுச்சு. நம்ம பழைய பேரு பிராணவாயு, உயிர்வாயு, அது எவ்வளவு பொருத்தம் பாருங்க. அணுவுக்கு ஆங்கிலத்துல ஆட்டம் (atom), அதுக்கு கிரேக்கத்துல வெட்ட முடியாததுன்னு அர்த்தம், 1897ல தாம்சன் எலக்ட்ரானக் கண்டுபிடிச்சதும் உள்ளயும் துண்டு இருக்குன்னு ஆயிடுச்சு. மலேரியா இத்தாலிய மொழில கெட்ட காத்து, அதே 1897ல ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்துல கொசுவோட வயித்துல அந்த ஒட்டுண்ணியப் பாத்தாரு, காத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. வார்த்தைய ஒடச்சா அந்தக் காலத்து ஆளு என்ன நெனச்சான்னு தெரியும், அது உண்மையான்னு வேற எடத்துலதான் பாக்கணும்னு சார் சொன்னப்ப பிள்ளைங்க எல்லாம் பேசாம கேட்டுட்டு இருந்தாங்க.

குறை சொல்லணும்னா இன்னும் இருக்கு. நோட்ஸ்ல தப்பு இருக்கு. ஹெலிகாப்டர்னு போட்டு ஹெலின்னா சூரியன், காப்டர்னா பறக்குறதுன்னு எழுதியிருந்துச்சு. என் மகதான் கண்டுபிடிச்சா, ஏன்னா நாலாவது வாரம் பூச்சிங்களப் பாத்தப்ப டிப்டெரான்னா ரெண்டு றெக்கை, கொசுவும் ஈயும் அந்த வகைன்னு படிச்சிருந்தா, அதே ப்டெரான் தானே இதுலயும் வருதுன்னு கேட்டா. சரியான பிரிவு ஹெலிக்கோ, ப்டெர், சுத்துற றெக்கை. சார் ஒடனே ஒத்துக்கிட்டு எல்லார் நோட்ஸ்லயும் திருத்தச் சொன்னாரு, அந்தக் குணத்துக்கு மரியாதை குடுக்கணும். அதே மாதிரி பெட்னு ஒரு வேருக்கு குழந்தைன்னு மட்டும் போட்டிருந்துச்சு, லத்தீன் பெட்னா கால், சைக்கிள் பெடல் அதுலேருந்து வந்தது, பீடியாட்ரிக்ல வர்றது கிரேக்கத்து குழந்தை, ரெண்டும் வேற வேற. ஹோமோவும் அப்படித்தான், கிரேக்கத்துல ஒரே மாதிரி, லத்தீன்ல மனுசன். இந்த மாதிரி எரட்ட வேருங்களுக்குன்னு ஒரு வாரமே தனியா ஒதுக்கலாம், பிள்ளைங்க மாட்டிக்கிறது அங்கதான்.

அப்புறம் ஏழாவது வாரம் போர்டு ரெண்டு பக்கமும் நெறைய ஒரே ஒரு வார்த்தை, நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிகோவல்கேனோகோனியோசிஸ், 45 எழுத்து, எரிமலைத் தூசி நுரையீரல்ல போறதுனால வர்ற வியாதின்னு அதைப் பிரிக்கவே 20 நிமிசம் எடுத்தாரு. 1935ல புதிர் போடுற ஆளுங்க நீளத்துக்காகவே கட்டுன வார்த்தை அது, மருத்துவருங்க சிலிகோசிஸ்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. பிள்ளைங்களுக்குப் புடிச்சிருந்துச்சு, இல்லன்னு சொல்லல. அந்த நேரத்துல வேதியியல் பேருங்க இன்னும் ரெண்டு பாத்திருக்கலாம், மீத்தேன் ஈத்தேன் பக்கம் எல்லாம் ஓட்டமா ஓடிட்டாரு, நர்சிங் பொண்ணுங்களும் மருந்துப் பேருங்க கொஞ்சம் எடுங்க சார்னு கேட்டுட்டே இருந்தாங்க.

எனக்கு ரொம்பப் புடிச்ச வாரம் அஞ்சாவது, செடி கொடி. அன்னைக்கு நான் போகல, மக வந்து சொல்லித்தான் தெரியும், ஆனா வீடே அன்னைக்கு அதைப் பத்திதான் பேசிட்டு இருந்துச்சு. மாமரத்தோட அறிவியல் பேரு மாஞ்சிஃபெரா இண்டிகா, லின்னேயஸ்ங்கற தாவரவியல் அறிஞர் 1753ல வச்சது. ஃபெரான்னா லத்தீன்ல தாங்குறது. மாஞ்சி எங்கருந்து வந்துச்சு? தமிழ், மலையாளம் பேசுற ஊர் பக்கத்து மாங்காய்தான், போர்ச்சுகீசியர் மாங்கான்னு எடுத்துட்டுப் போயி அது அப்படியே லத்தீனோட ஒட்டிக்கிச்சு. மாங்காய் தாங்குறது, அதுதான் பேரு! டுரியான் பேரு டுரியோ சிபெத்தினஸ், டுரின்னா மலாய்ல முள்ளு, சிபெத்தினஸ்னா புனுகுப்பூனையோட சம்பந்தப்பட்டது. புனுகுப்பூனை மலாய்ல மூசாங், நாம மூசாங் கிங் டுரியானுக்கு அவ்வளவு காசு குடுக்குறோம்ல, அதே மூசாங் அந்த லத்தீன் பேருக்குள்ளயும் ஒக்காந்திருக்கு. பாண்டானஸ்ல நம்ம பாண்டான் இலை. கொருண்டம்னு ஒரு தாது, மாணிக்கமும் நீலக்கல்லும் அந்த வகைதான், அந்தப் பேரு நம்ம குருந்தத்துலேருந்து போனது. கிரேக்கமும் லத்தீனும் மட்டும்தான் அறிவியல் பாஷைன்னு நெனச்சுட்டு இருந்த பிள்ளை, தன் பாட்டி பேசுற வார்த்தையும் மலாய்க்கார அக்கா பேசுற வார்த்தையும் அதுல இருக்குன்னு பாத்துட்டா.

மாமியார் தோட்டத்துல பொறந்து வளந்தவங்க, 20 வருசம் கித்தா மரம், ரப்பர் மரம், சீவினவங்க, பொறகு அதே நெலத்துல செம்பனை போட்டப்ப அதுலயும் வேலை செஞ்சவங்க. மக அவங்க கிட்ட போயி கித்தா மரத்துக்கு ஹெவியா பிரேசிலியென்சிஸ்னு பேரு பாட்டி, ஹெவியா தென் அமெரிக்காவுல அந்த ஊரு மக்கள் சொன்ன பேரு, பிரேசிலியென்சிஸ்னா பிரேசில்காரன், 1877ல சிங்கப்பூர் வழியா கன்று வந்து கோலகங்சார்ல நட்டாங்கன்னு சொன்னா. செம்பனைக்கு எலேயிஸ், கிரேக்கத்துல எலாயா ஆலிவ் மரம், எலாயான் அதுலேருந்து எடுக்குற எண்ணெய், அதுதான் லத்தீன்ல ஓலியம் ஆகி ஆங்கிலத்துல ஆயில் ஆச்சு, மொதல்ல ஆலிவ் எண்ணெய்க்கு மட்டும் இருந்த பேரு பொறகு எல்லா எண்ணெய்க்கும் ஆயிடுச்சுன்னு சொல்லிட்டு இருந்தா. அத்தை வெத்தலை மடிச்சுட்டே கேட்டுட்டு இருந்தவங்க, நம்ம எண்ணெயும் அப்படித்தானே, எள்ளுல ஆட்டுன நெய் எண்ணெய், இப்ப தேங்காயெண்ணெய் செம்பனையெண்ணெய் மண்ணெண்ணெய் எல்லாத்துக்கும் அதே பேருதானேன்னு சொன்னாங்க. மக அப்படியே எழுந்து போயி எக்ஸர்சைஸ் புக்கத் தூக்கிட்டு வந்து எழுதினா. பெட்ரோலியம், பெட்ரான்னா பாறை, ஓலியம் எண்ணெய், பாறை எண்ணெய். நம்மகிட்ட மண்ணெண்ணெய். பள்ளிக்கூடம் மூணு வருசந்தான் போனவங்க அத்தை. மறுவாரம் மக அதைச் சார் கிட்ட சொல்லியிருக்கா, அவரு போர்டுல நாலாவது கட்டத்துல எழுதி பாட்டி சொன்னதுன்னு பக்கத்துல போட்டாராம்.

யாருக்கு ஒத்து வரும்னு கேட்டா, படிவம் 3, படிவம் 4 பிள்ளைங்களுக்குத்தான் சரியான நேரம். படிவம் 5, எஸ்.பி.எம். ரெண்டு மாசத்துல வருதுன்னா வேணாம், அந்த நேரத்துல பழைய கேள்வித்தாள் செய்றதுதான் பிரயோசனம். கணக்கு, பௌதிகம் மட்டும் கஷ்டப்படுற பிள்ளைக்கு இது பெருசா ஒதவாது, இது உயிரியல், வேதியியல், மருத்துவம் பக்கம்தான் வேலை செய்யும். தமிழ்ப்பள்ளில படிக்காத பிள்ளைங்களும் நாலஞ்சு பேரு இருந்தாங்க, அவங்களும் நல்லாத்தான் செஞ்சாங்க, ஆனா அந்த நாலாவது கட்டம் அவங்களுக்கு இன்னொரு புது மொழி மாதிரி ஆயிடுச்சு, அதுல ஒரு பையனோட அம்மா இப்ப வீட்டுல தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் குடுக்குறாங்களாம்.

மார்க் ஏறுச்சான்னு எல்லாரும் கேப்பீங்க. அரையாண்டுல உயிரியல் 58, அதுக்கு அப்புறம் வந்த பரீட்சைல 71. இந்த வகுப்பு மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன், அவளும் கூடுதலா ஒழைச்சா. ஆனா முன்னாடி தெரியாத வார்த்தை வந்தா அந்தக் கேள்வியையே தாண்டிப் போயிடுவா, இப்ப நின்னு பிரிச்சுப் பாக்குறா, அந்த வித்தியாசத்த நான் என் கண்ணால பாக்குறேன். 5க்கு 4 குடுக்குறேன், ஒண்ணு கொறைச்சது நோட்ஸுக்காக.

அடுத்த பேட்ச் பள்ளி விடுமுறை முடிஞ்சு தொடங்குதுன்னு சொன்னாரு, 15 பேருக்கு மேல எடுக்க மாட்டாரு, சீக்கிரம் சொல்லி வைங்க. ஏர்கான் நல்ல குளிரு, ஸ்வெட்டர் குடுத்து அனுப்புங்க. பெரிய சைஸ் எக்ஸர்சைஸ் புக் ஒண்ணு வாங்கி வீட்டுலயே நாலு கட்டம் கோடு போட்டு அனுப்புங்க, நோட்ஸ்ல தமிழ்க் கட்டம் சேக்குறேன்னு சார் சொல்லியிருக்காரு, என் மக புக்க ரெண்டு வாரத்துக்கு வாங்கிட்டுப் போயிருக்காரு பாத்து எழுதறதுக்கு.